ஞாயிற்றுக்கிழமை நீ சொல்ல வேண்டிய எண்

தம்பி,

இங்கே எல்லாரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நலமாக இருந்தால் நான் ஏன் சீனன் கடையில் இத்தனை தாள் வாங்கிக்கொண்டு வந்து உட்காரப் போகிறேன்? தோட்டத்து ஆபீஸ் முன்னால் இருக்கிற பொதுத் தொலைபேசியில் வரிசை பிடித்து நின்று உனக்குப் போன் போட்டால், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்மா, அப்பறம் கூப்புடுறேன்" என்கிறாய். எங்கே கூப்பிடுவாய்? நம் வீட்டில் போனா இருக்கிறது? அவசரத்தில் சொல்கிற பொய் இப்படித்தான் ஓட்டையோடு வரும். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேசினால் நடுவில் புகுந்து "அது அப்படி இல்லம்மா" என்பாய். கடிதத்தில் புக முடியாது அல்லவா, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். உறையை ஒட்டப் போவதில்லை. கொண்டு வருகிறவர் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்து மண்டபத்தில் உன் மேனேஜரும் தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணியும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். உங்கள் கம்பெனியின் பேட்டரி வேன் தோட்டத்துக்கு வருகிறது. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய டீசல் வேன் பழைய இரும்புக்காரனிடம் போகிறது. அதற்குப் பிறகு இடுப்பு வலி கண்டவளோ, பாம்பு கடித்தவனோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனோ மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பேட்டரி வேன் ஒன்றுதான். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நூற்றிருபது கிலோமீட்டர் போகும் என்று உன் மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். அறுபத்தைந்துக்கு மேல் போகாது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், நீதான் சொன்னாய், நம் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு.

உன் தங்கை கௌரியின் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ அந்த நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதால் நான் பேசுகிறேன். பத்து பெரண்டாம் பேக்டரியில் உன்னை அந்த வேனைச் சோதிக்கிற வேலையில் போட்ட புதிது. பேக்டரிக்கு உள்ளேயே, தட்டை ரோட்டில், நீ ஒருவனே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, சத்தமே இல்ல, பொகையே இல்ல, தங்கச்சிய இதுலதான் ஏத்திட்டுப் போவேன்" என்று குதித்தாய். உன் அப்பா, டிரைவரோடு வாடகைக் காடி ஒன்று பேசி வைக்கலாம் என்றார். நீ கேட்டாயா? கம்பெனி கொடுத்த வழவழத் தாளை எடுத்து அவர் கண்முன் நீட்டினாய். அதில் பெரிய எழுத்தில் நூற்றிருபது என்று போட்டிருந்தது. நானும் உனக்குத்தான் ஒத்து ஊதினேன். மகன் ஓட்டிவரும் வண்டியில் மகள் மணவறைக்குப் போகிறாள் என்றால் எந்த அம்மாவுக்குப் பெருமையாக இருக்காது, சொல்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பத்து பெரண்டாமிலிருந்து தோட்டத்துக்கு வந்தாய். வந்த கையோடு நம் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி இரண்டு ரவுண்டு. அதற்குப் பிறகு பூவுக்கும் ஐஸ் கட்டிக்கும் தம்பின் டவுனுக்கு ஓட்டம். ராத்திரி சார்ஜ் போடலாம் என்று வயரை எடுத்தாய். சீரியல் பல்பும் ஒலிபெருக்கியும் மாவு அரைக்கிற மெஷினும் நம் வீட்டுப் பிளக்கையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன. நீ சார்ஜ் காட்டுகிற முள்ளைப் பார்த்தாய், தாளைப் பார்த்தாய். "இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கும்மா, காலையில மலாக்கா மண்டபத்துக்கு நாப்பது கிலோமீட்டர்தானே" என்று வயரைச் சுருட்டி உள்ளே வைத்தாய். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். நீ மறக்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் வைத்தாய். தாளில் இருந்த எண் உன்னிடம் தேவையில்லை என்று சொன்னது, நீ நம்பினாய்.

காலையில் என்ன நடந்தது? அலங்காரம் முடிந்து கௌரி வந்து ஏறினாள். நான் ஏறினேன். சீர்த்தட்டுகள் ஏறின. உன் அத்தை ஏறினாள். அவள் ஒருத்தியே இரண்டு மூட்டை அரிசி. அவளுக்குப் பின்னால் தோழிப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால், முன்னாலேயே புறப்பட்டுப்போன சொந்தக்காரர்கள் பஸ்ஸில் இடமில்லை என்று வந்த ஒரு சின்னம்மாவும் அவள் பிள்ளைகளும். நீ என் காதில், "ஆளு ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்மா, ரெண்டு பேர எறங்கச் சொல்லு" என்றாய். நான் எப்படியடா சொல்வேன்? கல்யாணப் பெண் உட்கார்ந்திருக்கிற வண்டியிலிருந்து ஏறின ஆளை இறக்கினால் சகுனம் என்ன ஆவது? நம் ஜனத்தில் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா? உன் அத்தை ஒருத்தி போதாதா, ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்ட! மாரியம்மன் கோவிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். புறப்பட்ட வண்டி திரும்பக்கூடாது, அதுவும் ஒரு சட்டம்.

அலோர் காஜா வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் நீ ஏர்கானை அணைத்தாய். பட்டுப் புடவைக்குள் கௌரிக்கு வியர்த்துக் கண்மை கரைய ஆரம்பித்தது. "ஏன்டா, பொண்ணு வேர்க்குதுல்ல, அத தட்டிவிடு லா" என்றாள் அத்தை. நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு, "காத்து நல்லா வருதே அத்தை, ஜன்னலத் தொறங்க" என்றாய். உன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். முன்னால் எட்டி முள்ளைப் பார்த்தேன். எனக்குப் பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனால் இடதுபக்கம் சாய்ந்து கிடக்கிற முள் எந்த வண்டியிலும் நல்லதைச் சொல்லாது என்று தெரியும். முகூர்த்தம் ஒன்பதுக்குள் முடிகிறது, அதற்கு மேல் நேரம் சரியில்லை என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சம்பந்தியம்மா பரிசம் போட வந்த அன்றைக்கே, "தோட்டத்து ஆளுங்க கல்யாணம்னா மாப்பிள்ளதான் உக்காந்து காத்திருக்கணும்போல" என்று சிரித்துக்கொண்டே ஊசி குத்திவிட்டுப் போனவள்.

டுரியான் துங்கால் தாண்டிய மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. சைக்கிளில் போன ஒரு மலாய்க் கிழவர் நம்மைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார். அப்புறம் அதுவும் இல்லை. சத்தமில்லாத வண்டி என்றாயே, நிற்கும்போதும் சத்தமில்லாமல்தான் நின்றது. "என்னடா ஆச்சு?" என்று அத்தை அலறினாள். நீ ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "இது நிக்கக் கூடாது... கணக்குப்படி இது நிக்கவே கூடாது" என்று முணுமுணுத்தாய். கௌரி அழவில்லை. "அண்ணே, மணி என்ன?" என்று மட்டும் கேட்டாள். அந்த ரோட்டோரத்தில் நாம் நின்றது கொஞ்ச நேரம்தான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது கொஞ்ச நேரமாகத் தெரியவில்லை. போகிற காடிக்கெல்லாம் கை காட்டினேன். பட்டுப் புடவையோடு நடுரோட்டில் கை காட்டுகிற பொம்பளையைப் பார்த்து எல்லாரும் வேகத்தைக் கூட்டினார்களே தவிர, ஒருவரும் நிறுத்தவில்லை.

நிறுத்தியது எதிர்ப்பக்கம் வந்த பேக்டரி பஸ். ராத்திரி ஷிப்ட் முடிந்து பெண்பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுகிற பஸ். ஜன்னல் வழியாக ஒருத்தி தலையை நீட்டி, "அலமாக்! கல்யாணப் பொண்ணு லா!" என்று கத்தினாள். அவ்வளவுதான், பஸ் முழுக்க முழித்துக்கொண்டது. எங்கே போகணும், எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று ஆளுக்கொரு கேள்வி. மலாக்கா என்றேன். விடிய விடிய நின்று வேலை செய்த பிள்ளைகள், வீட்டுக்குப் போகிற திசைக்கு நேர் எதிர். பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "பாக்சிக், புசிங் லா, புசிங்!" என்று டிரைவரைத் திருப்பச் சொன்னாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மலாய் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டே அவ்வளவு பெரிய பஸ்ஸை ரோட்டில் திருப்பினார். கௌரியையும் தட்டுகளையும் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே ஏற்றினார்கள். ஒருத்தி தன் கைப்பையிலிருந்து பவுடரும் மையும் எடுத்து, ஓடுகிற பஸ்ஸில் அவள் முகத்தைச் சரிசெய்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நீ வேன் பக்கத்தில் நின்றாய். கம்பெனி வண்டி, ரோட்டில் விட்டுவிட்டு வரமுடியாது என்றாய்.

மண்டப வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தாள். பேக்டரி வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்தக் கூட்டத்தைப் பார்த்து, "இவங்கள்லாம் யாரு?" என்று கேட்டாள். "பொண்ணோட தோழிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? முகூர்த்தம் முடிய இம்மி நேரம் இருக்கும்போது தாலி ஏறியது. மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, மாலை போட்டு, கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டிய மைத்துனன் நீ. உன் இடத்தில் அத்தை மகன் நின்றான். நீ வருவாயா வருவாயா என்று கௌரி வாசலைப் பார்த்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள். அந்தப் படங்களில் எதிலும் நீ இல்லை. ஆல்பம் வந்த அன்றைக்கு நீ அதைத் திறக்காமலே அலமாரியில் வைத்ததை நான் பார்த்தேன். உனக்கு வலிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை, தம்பி.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வேறு ஒருவனாக இருந்தால் வண்டியைத் திட்டிவிட்டுப் போயிருப்பான். நீ விடுமுறை நாளெல்லாம் அந்த வேனை இங்கே கொண்டுவந்தாய். கடையில் அரிசி மூட்டைகளை இரவல் கேட்டு, ஆள் பாரத்துக்கு ஈடாக உள்ளே அடுக்கினாய். கடைக்காரர், "ஏன்டா, அரிசிய ஊர் சுத்திக் காட்டுறியா?" என்று கிண்டல் பண்ணினார். தோட்டத்து மண் ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், மேடு பள்ளத்தோடு, ஏர்கான் போட்டு ஒரு நாள், அணைத்து ஒரு நாள், கொட்டுகிற மழையில் விளக்கும் வைப்பரும் ஓட ஒரு நாள் என்று ஓட்டிப் பார்த்தாய். இரண்டு தடவை வழியில் நின்று லாரியில் கட்டி இழுத்து வந்தாய். ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "அறுபத்தஞ்சும்மா. அதுக்கு மேல போகாது. மழைன்னா அதுவும் இல்ல" என்றாய். அப்போ தாளில் போட்டிருப்பது பொய்யா என்று கேட்டேன். "பொய்யில்லம்மா. புது பேட்டரி, ஒத்த ஆளு, தட்ட ரோடு, ஏர்கான் கெடையாது, மெதுவா ஒரே வேகம். அப்படி ஓட்டுனா நூத்திருபது வரும்" என்று பொறுமையாகச் சொன்னாய். மீஹூன் சேமியா பாக்கெட்டில் நாலு பேருக்கு என்று போட்டிருப்பான், நம் வீட்டில் இரண்டு பேருக்கே காணாது, அது மாதிரியா என்றேன். சிரித்தாய். அன்றைக்கு ஏட்டுச் சுரைக்காயைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜச் சுரைக்காயைக் கொண்டுவந்த மகனைப் பெற்றிருக்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மண்டபத்தில் நீ கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உன் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் பெண்கள் வரிசையில் பின்னால். அவர் செங்கல் கனத்துக்கு ஒரு கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, நூற்றிருபது, நூற்றிருபது என்று அர்ச்சனை மாதிரி சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் பாக்கி இருக்கும் என்றார். மூன்றாவது லயத்துச் செல்வி எழுந்தாள். எட்டு மாத வயிறு, புருஷன் சிங்கப்பூரில் வேலை, வீட்டில் மாமியார் மட்டும்தான். அவள் மேனேஜரைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டாள். "அண்ணே, கௌரி கல்யாணத்தன்னிக்கு இது நடுரோட்டுல நின்னுச்சே. எங்களுக்கும் நிக்காதுல்ல?" மண்டபமே உன்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அறுபத்தைந்து என்று சொல்வாய் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

நீ எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, "அன்னிக்கு வண்டி மேல தப்பு இல்ல. நான்தான் சார்ஜ் போட மறந்துட்டேன். கல்யாண வேலைல்ல" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நம்ம பிள்ளை, தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்கிறான் பார் என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெச்சினாள். செல்வியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். உன் மேனேஜர் உன் முதுகில் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னையே சோறாக ஆக்கிக்கொண்டு மறைக்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். பழியை உன் தலையில் போட்டுக்கொண்டதால் அது பெருந்தன்மை ஆகிவிடாது. நீ பழியை ஏற்றது வண்டியின் எண்ணைக் காப்பாற்ற. செல்வி நம்பியது வண்டியை அல்ல, உன்னை. நீ வெளியூர் ஆளாக இருந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள். நம் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை சொல்கிறான் என்பதால் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு என்ன சொன்னாய்? "அது ஹெட் ஆபீஸ் நம்பரும்மா, நான் மாத்த முடியாது. எப்பவும் சார்ஜ்ல போட்டு வெச்சா ஒன்னும் ஆகாது." எப்பவும் சார்ஜில் போட்டு வைக்கிறவர்கள் யார், சொல்லு. காலையில் பள்ளிப் பிள்ளைகளைப் புலாவ் செபாங்கில் விட்டு வர அந்த வேன்தான் என்று பெரிய கிராணி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் ஆபீஸ் வேலைக்கு எடுப்பார்கள். திருவிழா வந்தால் நம் ஆட்கள் அந்த வயரைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியைச் சொருகுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யப்போவதில்லை, நம் கல்யாண வீட்டில் நடந்ததுதான் எல்லா வீட்டிலும் நடக்கும். அரை வயிறோடு நிற்கிற வண்டியில்தான் ஒருத்தி வலியோடு ஏறப்போகிறாள். அவள் ஒருத்தியாகவா ஏறுவாள்? மாமியார் ஏறுவாள், பக்கத்து வீட்டுக்காரி ஏறுவாள், பாயும் பிளாஸ்க்கும் ஏறும், போகிற வழியில் டவுனில் இறக்கிவிடச் சொல்லி ஒருவன் ஏறுவான். யாரையும் யாரும் இறங்கச் சொல்லமாட்டார்கள். டீசல் வேன் என்றால் ஸ்டோரில் இருக்கிற டிரம்மிலிருந்து ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். இதற்கு எதை ஊற்றுவது? சார்ஜ் ஏற ஒரு ராத்திரி ஆகும் என்று நீதானே சொன்னாய், வயிற்றில் இருக்கிற பிள்ளையிடம் போய் ஒரு ராத்திரி பொறு என்று சொல்ல முடியுமா?

கௌரிக்காகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. அவளும் தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் இங்கேதான் வருகிறாள், தெரியும். அவளுக்கு ஒன்று என்றால் மாப்பிள்ளையிடம் காடி இருக்கிறது, நீ இருக்கிறாய், சம்பந்தியம்மாகூட இப்போது ஓடி வருவாள். நம் வீட்டுப் பெண்ணுக்காக மட்டும் உண்மையைச் சொல்கிறவனாக நீ இருந்தால் எனக்கு அதில் பெருமை கிடையாது. காடி இல்லாதவள், புருஷன் பக்கத்தில் இல்லாதவள், உன்னை அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டாளே, அவளுக்குச் சொல்.

ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிற விஷயம் எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், அவர் வாயில் எது நின்றது? இந்தத் தோட்டத்து விஷயம் நல்லபடி முடிந்தால் உன் பெயர் முதலில் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறாராம். போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நீ விமானம் ஏறுவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு விம்முகிறது. ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், ஒருத்திக்குப் பொறாமை தாங்கவில்லை. நீ அறுபத்தைந்து என்று சொன்னால் உன் பெயர் அடிபட்டுப்போகலாம், வேலையே கூடப் போகலாம். அது எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. போகட்டும் என்று சுலபமாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் சரியில்லை. உன் மேனேஜர் மோசமான ஆள் இல்லை, அந்த வண்டியும் மோசமான வண்டி இல்லை. பேக்டரிக்குள் சாமான் ஏற்றட்டும், டவுனுக்குள் ஓடட்டும், நன்றாக ஓடும். பழைய வேனையும் வைத்துக்கொண்டு இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ சொல்லிப் பார். வழி இருக்கலாம். ஆனால் வழி இருக்கிறதா இல்லையா என்று தேடுவதற்கு முன்னால் எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

இந்த மாதிரிக் கடிதங்களில் அம்மாக்கள் தங்கள் பழைய தப்பையெல்லாம் சொல்லி அழுது, பிள்ளைக்குப் பத்துப் புத்திமதி சொல்லி முடிப்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். இனிமேல் உன்னிடம் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், வண்டிக்கோ சம்பளத்துக்கோ மருந்துக்கோ எதற்கானாலும், எத்தனை பேரை ஏற்றிப் பார்த்தாய், எந்த ரோட்டில் பார்த்தாய் என்று கேள். உன்னிடம் யாராவது எண் கேட்டால், கேட்கிறவர் எந்த ரோட்டில் போகப்போகிறார் என்று பார்த்துச் சொல். பேக்டரி ரோட்டுக்கு நூற்றிருபது சரியாக இருக்கலாம். செல்வி போகப்போவது பேக்டரி ரோட்டில் அல்ல.

இரும்புக்காரன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீசல் வேனை எடுக்க வருகிறான் என்று பெரிய கிராணி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நீ நினைத்தாலும் திருப்ப முடியாது. அதனால் நான் என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு நான் எழுந்து நிற்பேன். "தம்பி, ஆளு ஏத்தி, மேடு ஏறி, மழையில, நம்ம ரோட்டுல, இந்த வண்டி எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீ சொல்லும் பதிலை மறுக்கமாட்டேன். அரிசி மூட்டையைப் பற்றியோ அடுப்படியில் சொன்னதைப் பற்றியோ வாய் திறக்கமாட்டேன். உன்னை ஊர் முன்னால் பொய்யனாக்குவதற்கு நான் உன்னைப் பெறவில்லை.

அறுபத்தைந்து என்று சொன்னாயானால், வேலை இருந்தாலும் போனாலும் வீட்டுக்கு வா. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நூற்றிருபது என்று சொன்னாயானால், அந்த வண்டியில் முதன்முதலாக வலியோடு ஏறுகிறவள் செல்வியோ யாரோ, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்காருவேன். அதற்குப் பின்னால் ஏறுகிற ஒவ்வொருத்தியோடும் நான் போவேன். ஆள் அதிகம் என்று யாராவது இறங்கச் சொன்னாலும் இறங்கமாட்டேன். டுரியான் துங்கால் மேட்டில் அது நின்றுவிட்டால், அந்தப் பிள்ளையை என் கையில்தான் ஏந்துவேன், உயிரோடு வந்தாலும் வராவிட்டாலும். அன்றைக்கு உனக்குப் போன் பண்ணமாட்டேன், தம்பி. நீ மீட்டிங்கில் இருப்பாய்.

அம்மா